காணாமல் போன பழுது

“தொட்டியா, இல்லியா? அத மட்டும் சொல்லு.”

“தொடாம எப்டி சார் சரி பண்றது? அந்தக் கார்டு பல்லுல—”

“கார்டப் பத்தி நான் கேக்கல. நீ—”

“—கறை புடிச்சிருந்துது சார். கழட்டி நல்லா தேச்சி—”

“தேச்சியா? எத்தனாவது படியிலம்மா தேய்க்கச் சொல்லியிருக்குது?”

“படியில இல்ல சார். ஆனா இப்ப பாருங்க, பச்ச லைட்டு எரியுது.”

“அதத்தான் நானும் கேக்கறேன். ஏன் எரியுது?”

ஜாஸ்மின் விளக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வயதுக்குள் எரியாத விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டாள். எரிகிற விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்கிற மனிதரை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

கேட்டவர் சுந்தரமூர்த்தி. முதன்மை மதிப்பீட்டாளர். அவர் வேலை பார்க்கும் இடத்தின் பெயர் ‘தோல் தொழில் மண்டல ஒருங்கிணைந்த திறன் சான்றளிப்பு மையம்’. வேலூரில் அந்தப் பெயர்ப்பலகை கட்டடத்தின் முன்சுவரில் தொடங்கி, மூலையில் திரும்பி, பக்கவாட்டுச் சுவரில்தான் முடியும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ‘ஒருங்’ வரைக்கும்தான் தெரியும். அதனால் கண்டக்டர்கள் “ஒருங் ஆபீஸ் எறங்கு” என்று கத்துவார்கள்.

அன்றைக்கு அங்கே செய்முறைத் தேர்வு. இயங்குதளம் கண்டறியாத வன்பொருளைக் கண்டறிதல் என்பது பாடத்தின் பெயர். பெட்டிக்குள் ஒரு கார்டு செருகியிருக்கும். அது அங்கே இருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ‘வன்பொருள் எதுவும் காணப்படவில்லை’ என்று திரையில் வரும். தேர்வு எழுத வந்தவர் அதன் முன்னால் என்ன செய்கிறார் என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். அவர் அதைச் சரி செய்துவிடக்கூடும் என்று மையத்தில் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டமும் இல்லை.

ஜாஸ்மின் ஆம்பூர்க்காரி. ஷூ கம்பெனி ஒன்றில் பதினாலு வருஷம் மேல்தோல் தைத்தவள். போன வருஷம் கம்பெனிக்குள் கம்ப்யூட்டர் தையல் மெஷின்கள் வந்து இறங்கின. ஒரே மத்தியானத்தில் நாற்பது பெண்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். புது மெஷின்களோ வந்த வாரமே படுத்துக்கொண்டன. ‘சென்சார் காணப்படவில்லை’ என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும். சென்னையிலிருந்து இன்ஜினியர் வரவேண்டும். கணக்கு முடிக்க வந்திருந்த ஜாஸ்மின்தான் ஒரு நாள் எட்டிப் பார்த்தாள். ஒயர் முனையில் தோல் தூசி அப்பியிருந்தது. இடுப்பில் செருகியிருந்த கிரேப் ரப்பரை எடுத்தாள். தோலை ஒட்டும்போது ஓரத்தில் வழிகிற பசையை உருட்டி எடுக்கிற ரப்பர் அது; ஆம்பூரில் தையல் வேலைக்குப் போகிற பெண்களிடம் தாலிக்கு அடுத்தபடியாக இருப்பது. அதைக்கொண்டு முனையைத் தேய்த்தாள், ஊதினாள், செருகினாள். மெஷின் ஓடியது.

சூப்பர்வைசர் அஸ்பாக் பாய் அதைப் பார்த்தார்.

“ஒரே ஒரு எடம் இருக்குது ஜாஸ்மின். மெஷின் அட்டெண்டர். நீதான் சரியான ஆளு. ஆனா வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வருவான். மெஷினத் தொடறவங்க கையில சர்டிபிகேட் இருக்கான்னு பாப்பான்.”

“கை இருக்குதே பாய்.”

“கைய எவன் பாக்கறான்? பேப்பரப் பாப்பான். ஆறு மாச கோர்ஸாம், வேலூர்ல. கோர்ஸ் முடியற மாசம் முப்பத்தொண்ணாந்தேதி வெள்ளிக்கெழம, சாயந்திரம் அஞ்சு மணி. அது வரைக்கும் எடத்தப் புடிச்சி வெக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல.”

அப்படித்தான் அவள் ஒருங் ஆபீசுக்கு வந்தாள். ஆறு மாதமும் பாடம் வாயாலேயே நடந்தது. மையத்தில் பயிற்சிக்கென்று பத்து கம்ப்யூட்டர்கள் இருந்தன. பதிவேட்டில் ஒன்பது நல்லவை, ஒன்று பழுது. நல்லவை ஒன்பதும் வேலை செய்வதில்லை. ஆனால் பதிவேட்டில் நல்லவை என்று இருப்பதால் அவற்றைப் பழுது பார்க்க வழியில்லாமல், பிளாஸ்டிக் உறை போட்டு, திறப்பு விழா ரிப்பனோடு அப்படியே வைத்திருந்தார்கள். பத்தாவதில்தான் தேர்வு நடக்கும்.

பாடம் பதினாலு படிகள். முதல் படி, வணக்கம் சொல்வது. இரண்டாவது, வாடிக்கையாளர் பெயரைக் கேட்பது. நான்காவதில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். ஏழாவதில் கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொல்ல வேண்டும். ஒன்பதாவதில் அணைத்துப் போட்டீர்களா என்று கேட்க வேண்டும். பன்னிரண்டாவதில் திரையில் இருப்பதை உரக்க வாசிக்க வேண்டும். பதினாலாவது, “மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்.” பதினாலு படிகளிலும் கைகள் பின்னால் கட்டியிருக்க வேண்டும்.

ஜாஸ்மினுக்கு முன்னால் தேர்வு எழுதியவன் கௌதம். காட்பாடிப் பையன், டிப்ளமா படித்தவன். ஆறு மாதமாக அவள் பக்கத்து நாற்காலி. அவள் கொண்டுவருகிற டிபன் பாக்ஸில் பாதி அவனுக்கு. “அக்கா, நாளைக்கும் கத்திரிக்கா தொக்கு எடுத்துட்டு வாங்கக்கா” என்பான். அவன் பதினாலு படியும் பிசகாமல் ஏறினான். கடைசியில் திரை ‘வன்பொருள் எதுவும் காணப்படவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சுந்தரமூர்த்தி நூற்றுக்கு நூறு போட்டு முதுகில் தட்டினார்.

அடுத்து வந்த ஜாஸ்மின் பழக்க தோஷத்தில் பெட்டியைத் திறந்துவிட்டாள். சுந்தரமூர்த்தி கௌதமை வாசல் வரைக்கும் வழியனுப்பிவிட்டு வர ஆறு நிமிஷம். கார்டைக் கழற்றி, செருகுகிற ஓரத்தில் இருந்த தங்கப் பற்களைக் கிரேப் ரப்பரால் தேய்த்து, டக்கென்று செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது.

“பாக்யலட்சுமியக் கூப்பிடுங்க” என்றார் சுந்தரமூர்த்தி.

பாக்யலட்சுமி அம்மாள் பொருள் காப்பாளர். மூக்குக் கண்ணாடியும் பச்சை அட்டைப் பதிவேடுமாக வந்தாள். பச்சை விளக்கைப் பார்த்தாள். பதிவேட்டைப் பிரித்தாள். மறுபடியும் விளக்கைப் பார்த்தாள்.

“எம் பழுது எங்க?”

“சரி பண்ணிட்டேம்மா” என்றாள் ஜாஸ்மின்.

“சரி பண்ணிட்டியா! இன்னாம்மா இப்டி தலையில மண்ண வாரிப் போட்ட! இங்க பாரு, ‘கம்ப்யூட்டர், பழுதுற்றது, எண்ணிக்கை ஒன்று’. நாலு வருஷமா இருக்குது. எனக்கு ரிட்டையர்மெண்டுக்கு இன்னும் அஞ்சு மாசம். ஆடிட் வந்து பழுதக் காட்டுன்னா எதக் காட்டுவேன்? எங்க ஊட்டுக்காரரையா?”

“அந்த ஒம்போதும்தான் வேலை செய்யலியேம்மா. அதுல ஒண்ண வெச்சிக்கோங்க.”

பாக்யலட்சுமி காதைப் பொத்திக்கொள்ளாத குறை. “அதெல்லாம் நல்ல கம்ப்யூட்டரும்மா. அதுங்க மேல வாய்க்கு வந்தபடி அபாண்டம் பேசாத.”

கிரேப் ரப்பரைக் கைக்குட்டையில் பிடித்து வாங்கினார்கள். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘ரப்பர், ஒன்று, பழுது நீக்கும் தன்மையுடையது’ என்று எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

நாலாம் நாள் ஜாஸ்மினுக்கு ஒரு கடிதம் போனது.

‘தேர்வர் எண் 27 ஆகிய தாங்கள், மையத்துக்குச் சொந்தமான பழுதினை உரிய அனுமதியின்றி நீக்கியதன் மூலம் மையத்தின் பணிகளுக்குக் குந்தகம் விளைவித்துள்ளீர்கள். மேற்படிப் பழுதினை அதே அளவில், அதே தன்மையில், நல்ல நிலையில் திருப்பி ஒப்படைக்குமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள். தவறும்பட்சத்தில் தங்கள் தேர்வு முடிவு நிறுத்திவைக்கப்படும்.’

கடிதத்தோடு அவள் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது பூவம்மாள் வந்தாள். நாற்பது பேரில் ஒருத்தி. இப்போது வீட்டில் உட்கார்ந்து கான்ட்ராக்ட்காரரிடம் வாங்கிய மேல்தோல்களைக் கையால் தைக்கிறாள். ஊசி குத்திய விரல்களில் துணி சுற்றியிருந்தது.

“இன்னாடி, பாஸா பெயிலா?”

“ரெண்டும் இல்லக்கா. கேஸு.”

“கேஸா? இன்னாத்தடி திருடுன?”

“பழுத.”

“எத?”

“கம்ப்யூட்டர்ல இருந்த பழுத எடுத்துட்டேனாம். திருப்பிக் குடுக்கணுமாம்.”

பூவம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தாள். ஊரில் கோழியிலிருந்து மோட்டார் வரைக்கும் திருடு போவதை அவள் அறிவாள்.

“அத வெச்சிகினு நீ இன்னா பண்ணப் போற? குடுத்துத் தொலைடி.”

“எங்கிட்ட எங்கக்கா இருக்குது? ஊதிட்டேன். போய்ட்டுது.”

“அய்ய! சரி, வேற பழுது ஏதாச்சும் பண்ணிக் குடு. உனுக்குத் தெரியாதா?” என்றாள் பூவம்மாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “வெளையாட்டு இல்லடி. நாப்பது பேருல ஒருத்தியாச்சும் உள்ள போவணும். தெனம் அந்த கேட்டத் தாண்டிப் போறேன். மெஷின் சத்தம் கேக்குது. நாம இல்லாமயும் அதே சத்தம்தான் போடுது. வவுறு எரியுது. நீ போய்ட்டீன்னா, நம்மாளு ஒருத்தி உள்ள இருக்கறான்னு நெனச்சிக்குவேன்.”

விசாரணைக் குழு பதினெட்டாம் தேதி கூடியது. நடுவில் இயக்குநர். இடதுபக்கம் சுந்தரமூர்த்தி. வலதுபக்கம் பாக்யலட்சுமி, பதிவேட்டோடு. ஜாஸ்மினுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், உட்காரச் சொல்லவில்லை. கிரேப் ரப்பர் மேஜைமேல் ஒரு தட்டில் இருந்தது.

இயக்குநர் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார். மேடையில் பேசிப் பேசி, எதிரில் ஒருத்தி நின்றாலும் ஆயிரம் பேருக்குப் பேசுகிற குரல் அவருக்கு.

“அம்மா, பழுது என்றால் ஏதோ சாதாரணம் என்று நினைத்துவிட்டீர்கள். நல்ல பொருளை எந்தக் கடையிலும் வாங்கலாம். தரமான பழுது கிடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மூன்று முறை டெண்டர் விட்டோம். முதலில் வந்தது தட்டினால் சரியாகிவிட்டது. நிராகரித்தோம். இரண்டாவது, மழைக்காலத்தில் மட்டும் பழுதாகும். அதையும் நிராகரித்தோம். மூன்றாவதாகக் கிடைத்ததுதான் இது. நான்கு ஆண்டுகள்! ஆயிரத்து இருநூறு பேர் இதன் முன்னால் நின்று சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். ஒருவராவது இந்தப் பழுதுக்கு ஒரு கீறல் போட்டதுண்டா? இல்லை. ஏன்? அவர்கள் முறைப்படி பயிற்சி பெற்றவர்கள்!”

“உண்மைங்கய்யா” என்றார் சுந்தரமூர்த்தி.

“நீங்கள் எங்கே கற்றுக்கொண்டீர்கள், இந்தத் தேய்க்கிற பழக்கத்தை?”

“கம்பெனியில சார். தோல் தைக்கற எடத்துல.”

“பாருங்கள்!” இயக்குநர் இரண்டு பக்கமும் திரும்பினார். “வேலை செய்த இடத்தில் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். இதற்குத்தான் நான் அன்றைக்கே சொன்னேன், வேலை தெரிந்தவர்களைப் பயிற்சிக்குச் சேர்க்காதீர்கள் என்று.”

“மன்னிச்சிக்கோங்க சார்” என்றாள் ஜாஸ்மின். எதற்கு என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் முப்பத்தொன்று வர இன்னும் பதிமூன்று நாள்தான் இருந்தது. “இப்பவே பழையபடி பண்ணிக் குடுத்துட்றேன். ரெண்டு நிமிஷ வேலை.”

“எப்படிச் செய்வீர்கள்?”

“பொட்டியத் தொறந்து—”

“தொடுவீர்களா?”

அங்கேதான் சிக்கல். சான்றிதழ் இல்லாதவர்கள் மையத்தின் பொருளைத் தொடக் கூடாது. பழுதைத் திருப்பித் தராமல் சான்றிதழ் கிடையாது. தொடாமல் பழுதைத் திருப்பித் தர முடியாது. குழு இதை ஒரு மணி நேரம் ஆராய்ந்து, ‘தற்காலிகத் தொடல் அனுமதி’ என்று ஒன்றை உண்டாக்கியது. அதில் கையெழுத்துப் போட வேண்டிய இயக்குநர் அன்று சாயந்திரமே, திறன் வளர்ச்சி பற்றிய கருத்தரங்குக்கு ஊட்டிக்குப் போய்விட்டார்.

அனுமதி வந்தது இருபத்தொன்பதாம் தேதி.

ஜாஸ்மின் பெட்டியைத் திறந்து கார்டைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தாள். ‘வன்பொருள் எதுவும் காணப்படவில்லை.’

“ஆச்சு சார்.”

சுந்தரமூர்த்தி குனிந்து பார்த்தார். பெட்டியின் தலையில் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று போட்டார். கார்டு உள்ளே இறங்கியது. பச்சை விளக்கு எரிந்தது.

“யார ஏமாத்தற? எங்க பழுது தட்டினா போவாது. இது வேற பழுது. மட்டமான சரக்கு.”

“அது கறைனால வந்தது சார். நானு கறைக்கு எங்க போவேன்?”

“அது உன் பாடு. எடுக்கத் தெரிஞ்சவளுக்கு வெக்கத் தெரியாதா?”

பாக்யலட்சுமி மெதுவாகத் தன் மேஜையிலிருந்த கோந்து பாட்டிலை நகர்த்தினாள். “இந்தாம்மா. இத இன்னா பண்ணுவியோ பண்ணு. எம் பதிவேட்ட நேராக்கு, உனுக்குப் புண்ணியமா போவும்.”

ஜாஸ்மின் கார்டைக் கழற்றினாள். அதன் பற்கள் அவள் தேய்த்த அன்றைக்கு மின்னியபடியே மின்னின. பதினாலு வருஷம் தோல் ஓரத்தில் பசை துளி வழிந்தாலும் உருட்டி எடுத்த விரலில் கோந்தைத் தொட்டு, ஒவ்வொரு பல்லாகத் தடவினாள். மேஜைக்கு அடியிலிருந்து தூசியை எடுத்து அதன்மேல் தூவினாள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அழுக்குப் பண்ணுவதைக்கூட அவளுக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியவில்லை. காய்கிற வரைக்கும் காத்திருந்து செருகினாள்.

திரை வந்தது. ‘வன்பொருள் எதுவும் காணப்படவில்லை.’

சுந்தரமூர்த்தி தட்டினார். குத்தினார். பெட்டியைத் தூக்கிக் குலுக்கினார். திரை அசையவில்லை.

“அதே பழுது” என்றார். கண் கலங்கிவிட்டது. “அச்சு அசலா அதே பழுது.”

பாக்யலட்சுமி திருநீறு எடுத்துவந்து கம்ப்யூட்டருக்கு வைத்தாள். இயக்குநர் தன் அறையிலிருந்து வந்து, ஊட்டியில் தனக்குப் போர்த்திய சால்வையை எடுத்து, காணாமல் போன அரசுடைமையை விடாமுயற்சியால் மீட்ட சுந்தரமூர்த்திக்குப் போர்த்தினார். “இழந்ததை மீட்பதுதான் நிர்வாகம்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். விரலில் ஒட்டியிருந்த கோந்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஜாஸ்மினும் தட்டினாள்.

முப்பதாம் தேதி அவளுக்கு மறுதேர்வு. தன் கையால் செய்த பழுதின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வணக்கம் சொன்னாள். பெயர் கேட்டாள். வருத்தம் தெரிவித்தாள். அணைத்துப் போடச் சொன்னாள். திரையை உரக்க வாசித்தாள். முதுகுக்குப் பின்னால் வலது கைக் கட்டைவிரல் சும்மா இல்லாமல் ஆட்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது; அதை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்” என்று முடித்தாள்.

“தொண்ணூத்தெட்டு” என்றார் சுந்தரமூர்த்தி. “பொட்டிய ரெண்டு தடவ பாத்த. அதுக்கு ரெண்டு மார்க்கு. மத்தபடி நல்லா தேறிட்டம்மா. மொதல்லயே இப்டி பண்ணியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்!”

முப்பத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு அவளை வரச் சொல்லியிருந்தார்கள். சான்றிதழ் ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. அவள் பெயர், எண், தொண்ணூற்றெட்டு, எல்லாம் சரி. பாக்யலட்சுமி அவளுக்கே திரையைத் திருப்பிக் காட்டினாள். கீழே இயக்குநரின் கையெழுத்தும் இருந்தது.

“அச்சடிக்க வேண்டியதுதான்” என்று சுந்தரமூர்த்தி பொத்தானை அமுக்கினார்.

‘பிரிண்டர் எதுவும் காணப்படவில்லை.’

பிரிண்டர் அரை முழம் தள்ளி, அதே மேஜைமேல் இருந்தது. நாலு பேரும் அதைப் பார்த்தார்கள். நாலாவது ஆள் காபி கொண்டுவந்தவர். அவர் மட்டும், “தோ இருக்குதே” என்றார்.

“உனக்கும் எனக்கும் தெரிஞ்சா ஆச்சா? அதுக்குத் தெரியணும்” என்றார் சுந்தரமூர்த்தி.

ஜாஸ்மின் பார்த்துவிட்டாள். பிரிண்டருக்குப் பின்னால் ஒயர் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தள்ளு. அவ்வளவுதான். அவள் கை தானாக நீண்டது.

“தொடாத!”

கை நின்றது.

“சார், அந்த ஒயரு கழண்டிருக்குது. லேசா தள்ளினா—”

“சர்டிபிகேட் இல்லாதவங்க தொடக் கூடாது. உனக்குக் குடுத்த அனுமதி இருவத்தொம்போதாந்தேதியோட முடிஞ்சிபோச்சி.”

“எஞ் சர்டிபிகேட்டுதான சார் உள்ள இருக்குது?”

“உள்ள இருக்கற வரைக்கும் அது உங்கிட்ட இல்லம்மா.”

“அப்ப நீங்க தள்ளுங்க சார்.”

“நான் மதிப்பீட்டாளர். மத்தவங்க தொடறதப் பாத்து மார்க்குப் போடலாம். நான் தொட்டா எனக்கு யாரு மார்க்குப் போடறது?”

அவள் பாக்யலட்சுமியைப் பார்த்தாள். பாக்யலட்சுமி பதிவேட்டுக்குள் பார்த்துக்கொண்டாள். “எங்கணக்குல இது நல்ல பிரிண்டரும்மா. நல்லதத் தொட்டு நான் வம்புல மாட்டிக்கவா? அஞ்சு மாசம்தான் இருக்குது.”

காபிக்காரர் தம்ளர்களை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

நாலேகாலுக்கு அஸ்பாக் பாய் கூப்பிட்டார்.

“எங்க இருக்கற ஜாஸ்மின்?”

“வேலூர்லதான் பாய். ரெடியா இருக்குது. பிரிண்டுதான் வரணும்.”

“அஞ்சுக்குள்ள நீ பறந்தா வரப்போற? சரி, பேப்பர் கையில வந்ததும் போட்டோ புடிச்சி அனுப்பு, மேனேஜருக்குக் காட்டறேன்.”

“ஸ்கிரீன போட்டோ புடிச்சி அனுப்பட்டா பாய்? கையெழுத்து கூட இருக்குது.”

“அதெல்லாம் ஒத்துக்க மாட்டாரு. ஏற்கெனவே பேஜார் பண்றாரு. இங்க ஒரு பையன் காலையிலேர்ந்து பேப்பரும் கையுமா வெளிய உக்காந்திருக்கான். உன் சென்டர்ல பாஸ் பண்ணவன்தான்.”

“அவனுக்கு மெஷின் தெரியுமா பாய்?”

“மெஷினத் தொடவே மாட்டானாம். மேனேஜருக்கு அது ரொம்பப் புடிச்சிப்போச்சி. எதையும் ஒடைக்க மாட்டான் பாருங்கறாரு.” அவர் பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. “அஞ்சு மணி, ஜாஸ்மின்.”

அவள் சுந்தரமூர்த்தியின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். இத்தனை நாளில் முதல் முறையாகக் குரல் உயர்ந்தது.

“சார், உங்க கால்ல வேணா விழறேன். சர்டிபிகேட் வாங்கின யாரையாவது கூப்பிடுங்க சார். ஆயிரத்து எரநூறு பேர் இருக்கறாங்களே. ஒருத்தர் வந்து அந்த ஒயரத் தள்ளட்டும்.”

“எதுக்குக் கத்தற? நாங்க சும்மாவா உக்காந்திருக்கோம்? கௌதமுக்கு மூணரைக்கே சொல்லியாச்சி.”

கௌதம் இப்போது அந்த மையத்திலேயே இளநிலைப் பயிற்றுநர். நூற்றுக்கு நூறு வாங்கியவனை வெளியே விட மனமில்லாமல் வைத்துக்கொண்டார்கள். வகுப்பை முடித்துவிட்டு, ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போதுதான் வந்தான். புதுச் சட்டை, கழுத்தில் நீல நாடாவில் அட்டை. ஜாஸ்மினைப் பார்த்து அரைச் சிரிப்புச் சிரித்தான். சுந்தரமூர்த்தியைப் பார்த்ததும் அதை எடுத்துவிட்டான்.

“கௌதம், வந்துட்டியா கண்ணு. அந்த ஒயர மட்டும் உள்ள தள்ளுடா. தோ பாரு, கழண்டு தொங்குது. அக்காவுக்காக ஒரே ஒரு தள்ளு.”

கௌதம் ஒயரைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரிந்ததை ஜாஸ்மினும் பார்த்தாள்.

சுந்தரமூர்த்தி மதிப்பெண் தாளை எடுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார். “ம். முறைப்படி பண்ணுப்பா.”

ஜாஸ்மினின் கையில் போன் அடிக்க ஆரம்பித்தது. திரையில் அஸ்பாக் பாய் பெயர். அவள் எடுக்கவில்லை, எடுத்து என்ன சொல்வாள்? சுவர்க் கடிகாரம் ஐந்தைக் காட்டியது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

கௌதம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். பிரிண்டருக்கு முன்னால் நேராக நின்று, “வணக்கம்” என்றான். சுந்தரமூர்த்தி ஒரு கட்டத்தில் டிக் போட்டார். கௌதம் ஜாஸ்மின் பக்கம் திரும்பினான். அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் தலைக்குமேல் எங்கேயோ பார்த்துக் கேட்டான்:

“வாடிக்கையாளர் அவர்களே, உங்கள் பெயர் என்ன?”